ஏறுமா, இறங்குமா?

முன்னொரு காலத்தில், காற்றுக்கு மட்டும் வரி போடாத ஒரு நாட்டில், கொலுவில் ஏப்பம் விட்டபடி இருந்த அரசனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நம் நாட்டுக் கள் வியாபாரம் வரும் ஆண்டில் ஏறுமா, இறங்குமா?"

பெருங்கணக்கர் விடங்கர் முந்திக்கொண்டார். "ஏறும், மன்னா! அடுத்த ஆண்டு என் கண்ணுக்கு இப்போதே தெரிகிறது. ஆகவே பனைமர வரியை இரட்டிப்பாக்கலாம்."

விகடகவி சிட்டாண்டி முன்னால் வந்தான். பனையேறிகளுக்குள் வளர்ந்தவன் அவன். மரம் உரசி அப்பன் நெஞ்சில் விழுந்த புண் சாகும்வரை ஆறவில்லை. இருக்கிற வரிக்கே பாதிப்பேர் கலயத்தைக் கவிழ்த்துவிட்டு ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள்.

"இறங்கும், மகாராசா," என்றான்.

விடங்கர் காத்திருந்தது இதற்குத்தான். "இறங்காவிட்டால் இவனை நாடு கடத்த வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும். ஓராண்டு பார்ப்போம்," என்றான் அரசன்.

"ஓராண்டு எதுக்கு? தோப்புக்கு வாங்க, இப்பவே காட்டுறேன்," என்றான் சிட்டாண்டி.

தோப்பில் கொம்பையா என்ற பனையேறி, இடுப்பில் கலயத்தோடு பனையிலிருந்து சரசரவென்று வந்து குதித்தான்.

"அண்ணே, என்ன செய்றீக?"

"கண்ணு அவிஞ்சு போச்சா? கள்ளு இறக்குறேன்!"

"கேட்டீகளா மகாராசா? இறங்கிருச்சு."

அரசனின் மீசை சிரிப்பில் துடித்தது. விடங்கர் குதித்தார். "சொற்புரட்டு! கள் ஏறும் என்று நான் சொன்னது சொன்னதுதான்!"

"தானா ஏறுமா ஐயா? ஆளு ஏறுனாத்தானே கள்ளு இறங்கும்? வரிய இரட்டிப்பாக்குனா இவரும் ஓடிருவாரு. அப்புறம் ஏறுறதுக்கு நீங்கதான் மிச்சம்."

"நியாயம்," என்றான் அரசன். "ஏறும் என்றவரே ஏறட்டும்."

கொம்பையா கீழிருந்து முட்டுக்கொடுக்க, விடங்கர் மூன்றாள் உயரம் போய், பெற்ற பிள்ளையைப் போல் மரத்தைக் கட்டிக்கொண்டார். தலைப்பாகை மட்டும் கீழே வந்தது.

"அடுத்த வருசம் தெரியுதா ஐயா?" என்று கத்தினான் சிட்டாண்டி.

"தரையே தெரியவில்லையடா! ஐயோ, இறக்குங்கள்!"

"எதை? வரியையா?"

"எதை வேண்டுமானாலும் இறக்குங்கள்!"

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மரவரி நின்ற இடத்திலேயே பாதியாக இறங்கியது. அரசனின் முத்துமாலை சிட்டாண்டி கழுத்தில் ஏறியது. கொம்பையா ஊற்றிக் கொடுத்தது அரசன் தலைக்கு ஏறியது.

அன்று பொழுது சாயும்வரை இறங்காதவர் பெருங்கணக்கர் ஒருவர்தான்.