சாப்பாட்டுக்கு முன்

சிற்றாற்றங்கரை மடத்தில் ஒரு சாமி இருந்தார். வயது நாற்பதுக்குள்தான். அவருடைய சீடர் நெல்லைநாயகத்துக்கு எழுபத்திரண்டு. கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வங்கியை விட்டாரே தவிர, மேலாளராக இருப்பதை விடவில்லை.

அவருக்கும் சர்க்கரை. அவர் மனைவி செண்பகவடிவுக்கும் சர்க்கரை. மனைவி மாத்திரை போடுகிறவர். நெல்லைநாயகம் வாயைக் கட்டியே சர்க்கரையை அடக்கியவர். விடிந்தால் ஜபம், உச்சிப்பொழுதில் ஒரு வேளைச் சாப்பாடு, ராத்திரிக்கு ஒரு தம்ளர் மோர். இதை அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

ஒரு நாள் காலையில் மனைவியை மடத்துக்குக் கூட்டி வந்தார்.

“சாமி, இவளுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“என்ன விஷயம்?”

“போன மாசம் அடுப்படியில விழுந்துட்டா. சர்க்கரையால வந்த மயக்கம்னு டாக்டர் சொன்னாரு. இந்த வயசுல இன்னொரு தடவை விழுந்தா எந்திரிப்பாளா? அதுக்கப்புறமும் இவ திருந்தல. ஒளிச்சு வச்சு இனிப்புத் திங்கா.”

செண்பகவடிவு தூணோரம் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க பார்த்தீங்களா?” என்று சாமி கேட்டார்.

“அரிசிப் பானைக்குள்ள கருப்பட்டி கெடந்துது. எடுத்து வேலைக்காரிட்ட குடுத்துட்டேன். இப்ப வீட்டுல இனிப்புன்னு ஒரு பொட்டு கிடையாது. அப்பவும் எங்கிருந்தோ கொண்டு வந்துடுதா.”

அவர் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவள் போய்விடுவாளோ என்ற பயம். அதைக் கோபமாகத்தான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது.

“முதல்ல ரெண்டு பேரும் சாப்பிடுங்க. இட்லி வெந்துட்டு. பயறும் இருக்கு.”

“எனக்கு உச்சிக்குத்தான் சாமி. நியமம்.”

“அம்மா, நீங்க வாங்க.”

“அவுக சாப்பிடட்டும் சாமி” என்றார் செண்பகவடிவு.

சாமி வற்புறுத்தவில்லை. ஆனால் சமையல்காரரிடம் ஒரு தட்டு எடுத்து வரச் சொல்லிப் பக்கத்தில் மூடி வைத்துக்கொண்டார்.

நெல்லைநாயகம் பேசத் தொடங்கினார். அவர் பேசத் தொடங்கினால் லேசில் முடியாது. பந்தியில் பாயசம் வந்தபோது இலையை மூடியது, பேரன் பிறந்தநாள் கேக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காதது, எல்லாம் வந்தது.

“நாக்கை ஜெயிச்சுட்டா மத்தது தானா அடங்கும். சரிதானே சாமி?”

“நாக்குக்கு ருசி, பேச்சுன்னு ரெண்டு வேலை இருக்குல்லா” என்றார் சாமி.

பாராட்டுகிறார் என்று நினைத்து நெல்லைநாயகம் தலையாட்டினார். பேச்சு தொடர்ந்தது.

வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. செண்பகவடிவின் நெற்றி வியர்த்தது. விரல்கள் நடுங்கின. அந்த விரல்கள் முந்தானையைத் துழாவி, முடிச்சை அவிழ்த்தன. உள்ளே நெல்லிக்காய் அளவு கருப்பட்டி.

நெல்லைநாயகம் பாய்ந்து அதைப் பிடுங்கினார்.

“பார்த்தீங்களா சாமி? கையும் களவுமா! உங்க முன்னாலயே!”

செண்பகவடிவு பதில் சொல்ல வாயெடுத்தார். வார்த்தை குழறியது. அப்படியே தூணில் சாய்ந்தார்.

சாமி எழுந்து வந்தார். சீடர் கையிலிருந்த கருப்பட்டியை வாங்கி அந்த அம்மாள் வாயில் வைத்தார்.

“மெல்லுங்கம்மா. மெல்ல மெல்ல முழுங்குங்க.”

“ஐயோ சாமி, சர்க்கரை ஏறிரும்! செத்துருவா!”

சாமி திரும்பவில்லை. நெல்லைநாயகம் மனைவியின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். மேலாளர் எங்கோ போய்விட்டார். ஒரு கிழவர் மட்டும் அழுதுகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. செண்பகவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அம்மா, அன்னைக்கு டாக்டர் சர்க்கரை ஏறிட்டுன்னாரா, எறங்கிட்டுன்னாரா?”

“எறங்கிட்டுன்னாரு சாமி. மயக்கமா வந்தா வாயில போடணும்னு நர்சுதான் கருப்பட்டி முடிஞ்சு வச்சுக்கிடச் சொன்னா. சர்க்கரைன்னு காதுல விழுந்ததுமே அவுக கோவிச்சுட்டு வெளிய போயிட்டாவ.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டார் நெல்லைநாயகம்.

“சொல்ல வந்தேன். ஜபத்துல இருந்தீய.”

“இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?” என்று சாமி கேட்டார்.

“விடியக்காலமே போட்டுட்டேன். சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்னுதானே சொல்லியிருக்கு.”

“சாப்பாடு?”

“அவுக சாப்பிட்ட பொறவுதான். அவுக பட்டினியா உட்கார்ந்திருக்கையில எனக்கு எப்படி எறங்கும்?”

நெல்லைநாயகம் மனைவியைப் பார்த்தார். விடியக்காலை எங்கே, உச்சிப்பொழுது எங்கே.

“நான் இவளக் காத்திருன்னு ஒரு நாளும் சொன்னதில்ல சாமி.”

சாமி இட்லித் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“சாப்பிடுன்னும் சொன்னதில்லையே.”