கற்றாழைக்கு ஏழு தண்ணீர்

அந்தக் காலத்தில் கற்றாழைக்கு முள்ளும் கிடையாது, கசப்பும் கிடையாது. வாய் இருந்தது. மரம், செடி, கொடி எல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. உட்கார்ந்து கேட்கத்தான் ஆளில்லை, அவரவருக்கு அவரவர் பாடு.

கடலோரத்து உப்பளம் ஒன்றில் மாடத்தி என்றொருத்தி உப்புச் சுமந்தாள். அவள் முடி சாதாரணச் சுருட்டை இல்லை. ஒவ்வொரு இழையும் விரலில் சுற்றி விட்டதுபோலச் சுருண்டிருக்கும். இழுத்தால் ஒரு முழம் நீளும், விட்டால் காதோரம் போய் ஒட்டிக்கொள்ளும். மாடத்திக்கு மூக்கும் முழியும் அப்பனைக் கொண்டு. முடி மட்டும் அம்மாவுடையது. அம்மா போய்ச் சேர்ந்தபின் அவளுடையது என்று சொல்ல மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் அதைப் பேணுவது லேசுப்பட்ட காரியமா! பகலெல்லாம் உப்புக் காற்று, தலைமேல் உப்புக் கூடை. சாயங்காலம் வீடு திரும்பும்போது தலை தேங்காய் நாராகக் கிடக்கும். அந்தக் காய்ந்த தலையில், உச்சியில் சீப்பை ஊன்றி ஒரே இழுவை இழுப்பாள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சீவினார்கள், அவளுக்கும் அதுதான் தெரியும். சிக்கெல்லாம் நுனியில் போய் முடிச்சு விழும். பாதி முடி சீப்போடு வந்துவிடும். உட்கார்ந்து அழக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே முடங்கிப் படுத்துவிடுவாள்.

ஒருநாள் அளத்துக் கங்காணி உய்க்காட்டான் அவள் முன்னால் ஒரு பிடி உப்பை நீட்டினான்.

“ஏட்டி, இது என்னது?”

உப்புக்குள் ஒரு சுருட்டை முடி.

“என் தலைமுடிதாண்ணே.”

“தெரியுதுல்லா? இந்த அளத்துல வேற யாருக்கு இருக்கு இப்படி? வர்ற வெள்ளிக்கிழமையில இருந்து ஒத்த முடி பறக்கக் கூடாது. இல்லையா, மொட்டை போட்டுட்டு வா. ரெண்டும் ஆகாதுன்னா வேலைக்கே வராத.”

மொட்டை என்றதும் மாடத்தி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷமே, ஒழியட்டும், சிரைத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே என்றும் தோன்றியது. அம்மாவின் முடியைப் பற்றி இப்படி நினைத்துவிட்டோமே என்று அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டாள்.

முதலில் தென்னையிடம் போனாள். “எண்ணெயைத் தேயி தாயி, பளபளன்னு ஆயிரும்” என்றது அது. பளபளத்தது. சிக்கும் சேர்ந்து பளபளத்தது. சீயக்காய்க் கொடியிடம் போனாள். “அழுக்கு எங்கிட்ட நிக்காது” என்று பீற்றிக்கொண்டது. அழுக்கு போயிற்று, கூடவே ஈரப்பசையும் போயிற்று, தலை விளக்குமாறாயிற்று.

நல்ல தண்ணீர் ஊற்றின் மேட்டுக் கரையில் நின்ற கற்றாழைதான் அவளைக் கூப்பிட்டது.

“இங்க வாட்டி. உன் முடிக்கு வியாதி ஒண்ணுமில்ல, தாகம். கோடைக்குன்னு நான் வயித்துல தண்ணி சேத்து வச்சிருக்கேன். அடிமடல் ஒண்ணு எடுத்துக்கோ. தலையை நல்லா நனைச்சு, உள்ள இருக்கிற சோத்தை வழிச்சுப் பூசு. நுனியில இருந்து கையால சிக்கெடுத்துக்கிட்டே மேல போ. சீப்பு உச்சிக்குக் கடைசியாத்தான் வரணும்.”

“இதுக்கு நான் என்னக்கா தரணும்?”

“ஒண்ணும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு மடல், அடியில முத்தினதா எடு. நடுக்குருத்தை மட்டும் தொட்டுராத. அது என் உசிரு.”

சொன்னபடி செய்தாள். கொழகொழவென்று பூசியதும் சிக்கு தானாக வழுக்கிக்கொண்டு விலகியது. ஒரு முடி உதிரவில்லை. சுருள் சுருளாகப் பிரிந்த முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, அம்மாவைத் தொட்டதுபோலவே இருக்கிறதென்று அழுதாள். இறுக்கப் பின்னி வெள்ளிக்கிழமை போய் நின்றாள். கங்காணி பின்னலைப் பார்த்தான், அடுத்த கூடைக்காரியிடம் நகர்ந்தான்.

நாலு வாரம் நல்லபடியாகப் போயிற்று. அப்புறம் உப்பு வாரும் மாசம் வந்தது. விடியக் கிளம்பினால் பொழுது சாயும்வரை நடைதான், சுமைதான். ஒரு சாயங்காலம் மாடத்தி ஊற்றங்கரைக்கு வந்தபோது கால் தன் காலாக இல்லை, காது அடைத்துப்போயிருந்தது. அடிமடல் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அதை எடுக்கக் குனிய வேண்டும். குனிந்தால் நிமிர மாட்டோம் என்று தெரிந்தது. கைக்கு எட்டியதைப் பற்றி ஒரே இழுவை இழுத்தாள். முன்னெல்லாம் தினமும் சீப்பை இழுத்தாளே, அதே இழுவை. நடுக்குருத்தோடு சேர்ந்து ஏழு மடல் கையோடு வந்துவிட்டது.

“ஐயோ!” என்று கற்றாழை அலறியது அவள் காதில் ஏறவில்லை. ஒரு மடலைக் கீறித் தலையில் அப்பினாள். பிய்ந்த இடத்திலிருந்து மஞ்சளாக ஏதோ வடிந்தது. அதுவரை எந்தக் கற்றாழையிலும் வடியாதது. பட்ட இடமெல்லாம் மண்டை எரிந்தது, அரித்தது, முடி கொத்தாகக் கையோடு வந்தது.

“என்னட்டி பண்ணிட்ட! குருத்தைத் தொடாதன்னு சொன்னேனே!”

“குனிய ஏலலக்கா,” என்றாள் மாடத்தி. “வேற ஒண்ணுமில்ல. ஏலல.”

கற்றாழைக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? மிச்சமிருந்த மடல்களின் ஓரமெல்லாம் முள் முளைத்தது. “இனிமே எவளும் பாக்காம கை வைக்கக் கூடாது” என்றது. பிறகுதான் அவள் நின்ற கோலத்தைக் கவனித்தது. கூடை அழுத்தி அழுத்தி உச்சந்தலை தடித்திருந்தது. உப்புத் தின்ற பாதம் வெடித்துக் கிடந்தது.

“தலையைக் கழுவு முதல்ல,” என்றது. குரல் தேய்ந்திருந்தது. “இந்த மஞ்சள் என் வலி. வெளிய வந்ததை இனி உள்ள வாங்க முடியாது. உன் கையில மிச்சமிருக்கிற மடலைச் சாய்ச்சு வை. முழுசும் வடியிற மட்டும் அங்கனயே உக்காரு, எந்திரிக்கக் கூடாது. பொறவு பிய்ச்ச ஏழு மடலுக்கும் கணக்கா ஏழு தண்ணி கழுவு. அதுக்கப்புறம் பூசு.”

“உக்காரவா?” என்று கேட்டாள் மாடத்தி. அப்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை.

மடல்களைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். மஞ்சள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவளுக்கும் கண்ணிலிருந்து இறங்கியது. பாதியில் கண்ணசந்துகூடப் போனாள். விழித்தபோது மடலில் சோறு மட்டும் கண்ணாடியாக நின்றது. ஏழு தண்ணீர் கழுவிப் பூசினாள். எரிச்சல் அடங்கியது, மிச்ச முடி பிழைத்தது.

கற்றாழை பிழைக்கவில்லை. “அக்கா” என்று கூப்பிட்டாள், பதில் வரவில்லை. மழைக்குப் பின் அதன் வேரடியில் ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. அதற்கு முள் இருந்தது, கசக்கும் மஞ்சள் இருந்தது, வாய் இல்லை.

கற்றாழையைப் பார்த்து அறுப்பதும், வடியவிட்டு ஏழு தண்ணீர் கழுவுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். இன்றைக்கும் எந்தச் சுருட்டைமுடிக்காரியாவது மடலைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது வேலைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். “கத்தாழை வடியுது” என்பாள், நீட்டிய காலை மடக்க மாட்டாள்.