எந்த நாள் வரைக்கும்

"அஞ்சாவதுல அப்படி என்னதான் கத்துக்கொடுத்தீங்க, டீச்சர்?"

கேட்டுவிட்டு அஞ்சலாட்சி தலையைக் குனிந்துகொண்டாள். கோபமாகக் கேட்க நினைத்தது, களைப்பாக வந்துவிட்டது.

முந்திரிக் கம்பெனியில் காலையிலிருந்து கொட்டை உடைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். விரலெல்லாம் கொட்டைத் தோலிலிருந்து கசிகிற எண்ணெயின் கறுப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

பக்கத்தில் மகள் இலக்கியா நின்றாள். அவள் இடுப்பில் எட்டு மாதப் பாப்பா. ஒரு மாதமாகத் தங்கையைத் தூக்கிக்கொண்டுதான் அவள் வகுப்புக்கு வருகிறாள்.

ரெஜினா டீச்சருக்கும் அஞ்சலாட்சியின் வயதுதான் இருக்கும். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

அஞ்சலாட்சி வந்த விஷயத்தைச் சொன்னாள். ஆறாவதுக்குப் பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போகணும். அங்கே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வீட்டில் பார்த்துக்க வேறு ஆளும் கிடையாது. அதனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பட்டியலில் இலக்கியா பெயர் வேண்டாம். கணக்குக் கூட்டத் தெரியுது, பஸ் போர்டு படிக்கத் தெரியுது. அது போதும்.

"மொத்தமா நிறுத்தல டீச்சர். பாப்பா கொஞ்சம் நடக்கட்டும். அப்புறம் அனுப்பிடுவேன்."

"அப்ப லீவுதானே. பேரு இருக்கட்டும். ஒரு லீவு லெட்டர் எழுதிக் கொடுங்க, பட்டியலோட சேர்த்தே அனுப்பிடறேன்."

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். மேலே ஒரு பேனாவை வைத்தார்.

எழுத்துக் கூட்டத் தெரியும், லெட்டரெல்லாம் எழுதினதில்லை என்றாள் அஞ்சலாட்சி.

"அது அஞ்சாவதுப் பாடம். உங்க பொண்ணு சொல்லுவா."

இலக்கியா பாப்பாவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தாள். முதலில் அனுப்புநர். அதுக்குக் கீழே பெறுநர். அப்புறம் ஐயா என்று எழுதி ஒரு கமா.

அஞ்சலாட்சி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு அசைந்தது.

என்ன காரணம் என்று போடணும், காய்ச்சல், வயித்து வலி, அந்த மாதிரி என்றாள் இலக்கியா. அஞ்சலாட்சி கொஞ்ச நேரம் யோசித்தாள். தங்கையைப் பார்த்துக்கொள்வதால் என்று எழுதினாள்.

எந்த நாளிலிருந்து என்பதை டீச்சரே சொன்னார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நாள்.

"இப்ப எந்த நாள் வரைக்கும்னு போடும்மா" என்றாள் இலக்கியா.

பேனா நின்றது.

"பாப்பா நடக்கிற வரைக்கும்னு போட்டா?"

"தேதி போடணும். தேதி இல்லாத லெட்டரை டீச்சர் வாங்க மாட்டாங்க. எங்க கிளாஸ் தேன்மொழிக்கு அம்மை போட்டப்ப மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. ஆத்தா எப்ப இறங்குவான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்னு அவங்கப்பா சண்டைக்கே வந்துட்டாரு. அப்பவும் வாங்கல."

அஞ்சலாட்சி டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சர் ஒரு கணக்கைச் சிவப்பில் சுழித்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க எத்தனாவதோட நின்னீங்க?"

"மூணாவது. தம்பி பொறந்துட்டான். அவன் நடக்கட்டும், அப்புறம் போலாம்னு எங்கம்மா சொன்னாங்க."

"நடந்தானா?"

"லாரி ஓட்டறான்."

சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இலக்கியாவும் சிரித்தாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த தாளை எடுத்தார்.

அஞ்சலாட்சியின் சிரிப்பு பாதியில் நின்றது.

கம்பெனியில் சாப்பாட்டு நேரம் முடிகிற சங்கு ஊதியது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, தேதி" என்றாள் இலக்கியா.

அஞ்சலாட்சி பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். எழுந்து, மகள் இடுப்பிலிருந்து பாப்பாவை வாங்கினாள்.

வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இவ்வளவு கனமாவாடி இருக்கா?"

இலக்கியா இரண்டு கைகளையும் உதறிக்கொண்டாள்.

"காலையில இல்லம்மா. மத்தியானத்துக்கு மேலதான் கனப்பா."