புள்ளிக்கோழியின் தவம்

காலை ஐந்தரை மணி. கூடையில் பதினொரு முட்டைகள். அவற்றின் மேல் ஒரு புள்ளிக்கோழி. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் மாசிலாமணி.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் திரும்பாமலே பேசினார்.

"பொரிக்க வேண்டிய நாள் தாண்டி இன்னையோட மூணு நாளுங்க சாமி. ஒண்ணுகூட விரிசல் விடலைங்க."

சாமி வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"பொரிக்குமுங்களா?"

"தண்ணி இறைச்சுப்போட்டு வந்துர்றேண்ணா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் போனார் சாமி.

மாசிலாமணி மறுபடியும் கோழியைப் பார்த்தார். கோழி அவரைப் பார்த்தது. அதன் கண்ணில் எந்தக் கேள்வியும் இல்லை. அதனால்தான் அவருக்கு அதன் மேல் அத்தனை மரியாதை.

அந்த இடத்துக்குக் கரட்டடி மடம் என்று பேர். காங்கேயத்துக்குத் தெற்கே, பஸ் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு கிணறு, பின்னால் கரடு என்கிற சிறு பாறைக்குன்றின் உச்சியில் நட்டுவைத்த வேல்.

வேண்டுதல் பலித்தவர்கள் கோழியோ சேவலோ கொண்டுவந்து வேலுக்கு முன்னால் உயிரோடு விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி விட்டதை அறுக்கக் கூடாது, விற்கவும் கூடாது. ஆனால் அதற்கும் வயிறு இருக்கிறது. யாராவது தீனி வைக்க வேண்டும். மடத்தில் இருந்த சென்னியப்பன் வைத்தார். முட்டைகளை அடை வைத்துக் குஞ்சு எடுத்து, வளர்ந்ததும் வந்து கேட்கிற வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார்.

ஊர் அவருக்குக் கோழிச்சாமி என்று பேர் வைத்தது. அதில் பாதி கேலி. அவர் அந்தப் பேருக்கும் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க" என்பார்.

அவருக்கு வயது நாற்பது. சீடராக வந்து சேர்ந்த மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு. குரு சீடரை அண்ணா என்று கூப்பிட்டார். தொடக்கத்தில் மாசிலாமணிக்கு உடம்பு கூசியது. அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். வயதில் மூத்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று சாமி திருப்பிக் கேட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

மாசிலாமணி நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். முப்பது வருஷ இரைச்சல். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டில் மிக்ஸி ஓடியது. டிவி ஓடியது. மகள் செல்போனில் பேசிக்கொண்டே நடந்தாள். தை மாதம் ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று மடத்துக்கு வந்தவர், மாசி பிறந்தும் திரும்பவில்லை.

காவி வேண்டும் என்று கேட்டார்.

சாமி அவர் கையில் கம்புப் படியைக் கொடுத்தார். கோழிகளை இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

பங்குனியில் மறுபடியும் கேட்டார். சித்திரையில் மூன்றாம் தடவை. அப்போதுதான் சாமி வாயைத் திறந்தார்.

"உங்க கையால அடை வச்சு ஒரு ஈடு குஞ்சு பொரிக்கட்டும்ணா. அப்புறம் பாக்கலாம்."

மாசிலாமணி அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டார். குஞ்சு வந்தால் காவி. கணக்கு நேராக இருந்தது.

அந்த மடத்தில் அவருக்கு ஒரே ஒரு தொந்தரவு. கீரி நிறச் சேவல்; அப்போது மடத்தில் இருந்த ஒரே சேவல். மூன்று மணிக்கு எழுந்து அவர் கண்ணை மூடி உட்கார்ந்தால், நாலு மணிக்கு அது கூடத்தின் ஓட்டில் ஏறிக் கூவும். ஒரு கூவலோடு விடாது. பத்துத் தடவை கூவிவிட்டு இறங்கி, ஜன்னலில் நின்று இன்னொரு தடவை கூவும். அவர் காதில் மில் சங்கு ஊதுவதுபோல இருக்கும்.

சித்திரைக் கடைசியில் அதைப் பிடித்தார். காலில் கயிறு போட்டு, கிணற்றுக்கு அந்தப் பக்கம் வெகுதூரத்தில் இருந்த வேப்பமரத்தடியில் கட்டினார். கம்பும் தண்ணீரும் தினமும் கொண்டுபோய் வைத்தார். கொடுமை ஒன்றும் செய்யவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, சேவல் சத்தத்தையே காணோமே என்று சாமி கேட்டார். மாசிலாமணி விவரத்தைச் சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் சூடாகிவிட்டார்.

"முட்டையும் இடறதில்லைங்க, அடையும் படுக்கறதில்லைங்க. கத்தறதைத் தவிர அதுக்கு என்ன வேலைங்க சாமி?"

"எனக்கும் சரியாத் தெரியலைண்ணா" என்றார் சாமி.

ஒரு மாதம் போயிற்று. வைகாசிக் கடைசியில் புள்ளிக்கோழி சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கொர் கொர் என்று சத்தம் போட ஆரம்பித்தது. மூலையை விட்டு எழவில்லை. அடைக்கு வந்துவிட்டது. மாசிலாமணி கூடையில் தவிட்டைக் கொட்டி, வைக்கோல் பரப்பி, இடிக்குப் பயந்து ஒரு இரும்புத் துண்டும் இரண்டு கரித்துண்டும் போட்டு, அந்த வாரத்து முட்டைகளாகப் பார்த்து எடுத்துவைத்தார். ஒரு குறையும் சொல்ல முடியாத ஏற்பாடு.

கோழி படுத்தது. அப்படி ஒரு படுக்கையை அவர் பார்த்ததில்லை. நாளுக்கு ஒருமுறை இறங்கும். நாலு வாய் கம்பு, இரண்டு வாய் தண்ணீர், மறுபடியும் கூடை. மற்றக் கோழிகள் குப்பையில் கூத்தடித்தாலும் திரும்பிப் பார்க்காது. மாசிலாமணி தன் பாயைக் கூடைக்கு எதிரே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். அது கூடையிலும் இவர் பாயிலுமாக நாட்கள் போயின. வருகிறவர்களிடம் எல்லாம், தவம் என்றால் என்ன என்று இந்தக் கோழியிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுக் கரட்டு வேலைக் கும்பிடப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை துளசிமணி வந்தாள். மாசிலாமணியின் மனைவி. மாதத்துக்கு ஒரு தடவை துவைத்த வேட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுக்கை வாங்கிக்கொண்டு போவாள். அன்று வேட்டியைக் கொடுத்த பிறகும் நின்றாள்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமை சுகந்தியைப் பொண்ணு பாக்க வர்றாங்க. தாராபுரத்துக்காரங்க. பையன் நல்ல மாதிரிங்கறாங்க. சுகந்திக்கும் போட்டோ பாத்துப் பிடிச்சிருக்குது."

மாசிலாமணி நல்லது என்றார்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். முன்னாடி ஒரு சேர் போட்டு உக்காந்தாப் போதும்."

அதையெல்லாம் விட்டு வந்தாயிற்று என்று மாசிலாமணி சொன்னார். வீடு, மகள், மாப்பிள்ளை எல்லாம் ஒரு கட்டு, ஒன்றைப் பிடித்தால் மற்றதும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று சற்று நீளமாகவே விளக்கினார். துளசிமணி முழுக்கக் கேட்டாள்.

"அவிய, பொண்ணோட அப்பா எங்கன்னு கேப்பாங்களே. என்ன சொல்லட்டும்?"

"தவத்துல இருக்கறாருன்னு சொல்லு."

"போன தடவை வந்தவியகிட்ட அப்படித்தான் சொன்னேன். காப்பியைத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாங்க. சுகந்தி அதுக்கப்புறம் ரெண்டு நாள் யாருகிட்டயும் பேசலைங்க."

மாசிலாமணி வேட்டிகளைப் பாயில் வைத்தார். பிறகு கூடையைக் காட்டினார். நாளைக்குக் குஞ்சு பொரிக்கிற நாள், இந்த நேரத்தில் விட்டுவிட்டு எப்படி வருவது என்றார்.

துளசிமணி கோழியைப் பார்த்தாள்.

"அதுக்கு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

அவர் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவள் அழுக்கு வேட்டிகளைப் பையில் திணித்துக்கொண்டாள். சாமியிடம் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டாள். சாமி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடப் போய்விட்டு வந்தார்.

திங்கட்கிழமை பொரிக்கவில்லை. செவ்வாய், புதன், அதுவும் போயிற்று. இன்று வியாழக்கிழமை.

சாமி தண்ணீர் இறைத்துவிட்டு வந்தார். கோழியின் வயிற்றுக்கடியில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்தார். கோழி கொத்தியது. அவர் கையை இழுக்கவில்லை. முட்டையை மாசிலாமணியின் காதருகே வைத்து ஆட்டினார்.

உள்ளே தண்ணீர் தளும்பியது.

இன்னொன்றை எடுத்து ஆட்டினார். அதுவும் தளும்பியது. பதினொன்றும் கூமுட்டை.

இருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கரட்டோரக் குழியில் கொட்டினார்கள். ஒன்று உடைந்தது. மாசிலாமணி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது. அது நாற்றத்தால் மட்டும் வந்ததல்ல.

"கோழி மேல ஒரு குத்தமும் இல்லைங்க சாமி. ஒரு நாள் எந்திரிச்சுச் சுத்தலை."

"கோழி என்ன பண்ணும்ணா. சேவல் மரத்தடியில நின்னுச்சே."

மாசிலாமணிக்கு அது தெரியாமலில்லை. கிராமத்தில் பிறந்தவர்தான்.

"ஒருக்காச் சேந்துட்டா அது வருஷத்துக்கும் வரும்னு நெனச்சேனுங்க."

"நீங்க நெனச்சது முட்டைக்குத் தெரியலைண்ணா" என்று சொல்லிவிட்டுச் சாமி வேப்பமரத்தைப் பார்த்து நடந்தார்.

சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து வாசலில் விட்டார். அது ஒரு காலை நொண்டிக்கொண்டு நாலடி நடந்தது. பிறகு உடம்பை உதறியது. மாசிலாமணி ஒரு கை கம்பை எடுத்து அதன் முன்னால் போட்டார். செய்த தப்புக்கு ஏதோ ஒன்று செய்ய வேண்டும்போல் இருந்தது.

சேவல் ஒரு மணியைக் கொத்தித் தூக்கியது. விழுங்கவில்லை. கீழே போட்டது. மறுபடியும் தூக்கியது, போட்டது. தொண்டைக்குள் கொக் கொக் கொக் என்று அவசரமாகக் கூப்பிட்டது. நாலாபக்கமும் இருந்து கோழிகள் ஓடி வந்தன. அவை தின்கிறபோது அது தலையை நிமிர்த்தி ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கம்பு தீர்ந்தது. அதற்கு ஒரு மணிகூட மிஞ்சவில்லை.

மாசிலாமணி இன்னொரு கை போட்டார். அப்போதும் அப்படியே.

புள்ளிக்கோழி மட்டும் வரவில்லை. தேடிப் போனால், வெறும் கூடைக்குள் ஏறி மறுபடியும் படுத்திருந்தது. சிறகை விரித்து, கண்ணைப் பாதி மூடி, நேற்று எப்படியோ அப்படியே.

மாசிலாமணி கூடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பலன் போன பிறகும் தவத்தை விடவில்லை பாருங்கள் என்றார்.

சாமி குனிந்து அதன் இறக்கையிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கினார். மாசிலாமணியிடம் நீட்டினார்.

எதற்கு என்று அவருக்குத் தெரியும். அடையை விடாத கோழியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, மூக்குத் துவாரத்தில் அதன் இறகையே செருகிவிடுவது எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். மூக்கில் உறுத்தல் இருந்தால் கோழி ஓரிடத்தில் படுக்காது. எழுந்து நடக்கும்.

அவர் கை நீளவில்லை.

"தவத்தைக் கலைக்கலாமுங்களா சாமி?"

"அடியில கைவிட்டுப் பாருங்கண்ணா."

விட்டுப் பார்த்தார். வைக்கோல். கரித்துண்டு. இரும்பு. எல்லாம் இன்னும் சூடாக இருந்தன.

அவரே முக்கினார். அவரே செருகினார். கோழி தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு, ஈர உடம்போடு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பகலெல்லாம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் விலகிப் போயிற்று. சாயங்காலம் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. சேவல் கூப்பிட்டது. போய்த் தின்றது.

இருட்டுவதற்கு முன் மாசிலாமணி சாமியிடம் வந்தார். மாசி பிறந்ததிலிருந்து கேட்டதையே கேட்டார். இந்த ஈடு போகட்டும், அடுத்த கோழி அடைக்கு வந்தால், அது பொரித்தால் காவி உண்டா என்று.

சாமி கொடாப்புகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கோழியைக் கவிழ்த்து மூடுகிற அந்த மூங்கில் கூடைகளில் ஒன்றில் கல் வைக்க மறந்துவிட்டதாகச் சொல்லி, ஒரு கல் எடுத்துவரச் சொன்னார். மாசிலாமணி எடுத்து வந்து வைத்தார். அவ்வளவுதான் பதில்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் மூன்று மணிக்கு எழுந்து பாயில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். நாலு மணிக்குச் சேவல் கூவியது. பத்துத் தடவை எண்ணினார். பிறகு எண்ணுவதும் நின்று போயிற்று. முதுகு நிமிர்ந்து, மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு இறங்கியது. இத்தனை மாதத்தில் வாய்க்காத உட்காரல் அன்று வாய்த்தது. மில் சத்தம் சுத்தமாக இல்லை.

மூக்கில் ஏதோ உறுத்தியது.

ஈ என்று நினைத்து விட்டுவிட்டார். மறுபடியும் உறுத்தியது. துவாரத்துக்குள்ளேயே போயிற்று. பெரிதாகத் தும்மிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

எதிரே சாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கோழி இறகு. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். முகத்தில் சிரிப்பு இல்லை.

விடிந்துகொண்டிருந்தது. மாசிலாமணி இறகைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். பிறகு அவர் கை தானாகப் பாய்க்கு அடியில் போயிற்று. தரை. அது சூடாக இருந்தது.

"முதல் பஸ் எத்தனை மணிக்குங்க சாமி?"

"ஆறரைக்கு."

"குளிச்சுப்போட்டுப் போனாப் பிடிக்கலாமுங்களா?"

சாமி குடத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

2012 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை காலை, தாராபுரத்தில் ஒரு மண்டபத்தில் சுகந்தியின் கல்யாணம் நடந்தது. தாரை வார்த்துக் கொடுத்தவர் மாசிலாமணி.