துணிக்குப் பின்னால் ஐந்து கிண்ணங்கள்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே குருவுக்கு வயது குறைவு. சீடருக்கு அதிகம்.

சீடர் பெயர் சங்கரநயினார். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். ஐம்பது வயதைக் கடந்தபின் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தார். குருவின் பெயர் ஜமீலா. இன்னும் நாற்பதைத் தொடாதவர். சீடர் குருவை 'மேடம்' என்பார். குரு சீடரை 'சார்' என்பார். கடைசிவரை இருவரும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

வந்த காரணத்தைச் சங்கரநயினார் ஒளிக்கவில்லை. மனைவி கோமதிக்கு இதயத் துடிப்பு திடீர் திடீரென்று மந்தமாகிவிடும். தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். அதிலிருந்து இதயத்துக்குப் போகிற ஒயர் ஒருமுறை இடம் நழுவி, ஆறிய புண்ணில் மறுபடியும் கத்தி வைக்கவேண்டியதாயிற்று. ஒயரே இல்லாமல், வெறும் வெளிச்சத்தால் இதயச் செல்களைத் துடிக்க வைக்க முடியுமா என்று ஜமீலா ஒரு கூட்டத்தில் பேசினார். சங்கரநயினார் கடைசி வரிசையில் இருந்து கேட்டார். மறுநாள் காலையில் ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றார்.

"உங்க வீட்டுத் தேவைக்கு இது வந்து சேராது, சார். அதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். அப்படியும் சேருவீங்களா?"

"சேருதேன் மேடம்."

வேலை இதுதான். பாலிமர் என்று ஒரு பொருள். பிளாஸ்டிக் இனம். அதைக் கரைத்துக் கண்ணாடிச் சில்லின்மேல் ஊற்றிச் சுழற்றினால், தலைமுடியைவிட மெல்லிய படலமாகப் படியும். நாவற்பழ நிறம். வெளிச்சம் பட்டால் அதில் துளி மின்சாரம் பிறக்கும். கோழிமுட்டைக் கருவின் இதயத்திலிருந்து எடுத்த செல்களைச் சிறு கிண்ணத்தில் அதன்மேல் வளர்ப்பார்கள். அந்தச் செல்கள் தம் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். விளக்கு மினுக்கும்போதெல்லாம் படலம் அவற்றை உசுப்ப, மினுக்கும் துடிப்பும் ஒன்றாகப் போக வேண்டும்.

போகவில்லை. படலம் உரிந்தது. செல்கள் செத்தன. உயிரோடு இருந்தவையும் விளக்கைச் சட்டை செய்யவில்லை. அவரோடு சேர்ந்த பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். சங்கரநயினார் மறுபடி மறுபடி படலம் ஊற்றினார்.

ஒரு காலையில் அது நடந்தது. விளக்கு மினுக்கியது, செல் துடித்தது. மினுக்கை மெதுவாக்கினார். துடிப்பும் மெதுவானது. வேகமாக்கினார். அதுவும் கூடவே வந்தது.

அவர் முதலில் கோமதிக்குத்தான் போன் செய்தார்.

"வந்துட்டு" என்றார். 

பிறகுதான் ஜமீலாவிடம் போனார். ஜமீலா வந்து திரையை வெகுநேரம் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. ஆனால் கேட்டது வேறு.

"வெறும் கண்ணாடியில வளத்துப் பாத்தீங்களா, சார்?"

 அந்தக் கேள்வி வரும் என்று சங்கரநயினாருக்குத் தெரியும். விளக்கில் வெளிச்சம் மட்டுமா இருக்கிறது, சூடும் இருக்கிறது. சூடு பட்டாலும் இதயச் செல் துடிப்பை மாற்றும். படலம் இல்லாத வெறும் கண்ணாடியிலும் செல்கள் இப்படியே ஆடினால், ஆட்டியது விளக்கின் சூடு. படலத்துக்கு அதில் வேலையே இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

"என் கண்ணால பாத்தேன் மேடம். ஒரு தடவை இல்ல, பல தடவை. கண்ணால பாத்ததுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஜமீலா அலமாரியில் இருந்த காலிக் கிண்ணங்களை எண்ணினார்.

"படலம் போட்டதும் போடாததுமா கிண்ணங்களை ஏற்பாடு பண்ணுவோம்" என்றார். "செல் இந்தத் தடவை நான் போடுதேன்."

செல்கள் ஒட்டி வளரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டில் சங்கரநயினாருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்ன, குழம்பு பிடிக்கலையாக்கும்?" என்றாள் கோமதி.

"இன்னும் ஒண்ணு பாக்க வேண்டியிருக்கு. அது தப்பாப் போச்சுன்னா எல்லாம் தப்பு."

"அய்யய்யோ, தெரு பூராவும் சொல்லிட்டனே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். "சரி, தெருவை நான் சமாளிச்சுக்கிடுதேன். நீங்க பாக்கவேண்டியதைப் பாத்துட்டு வாங்க."

குறித்த நாளில் சங்கரநயினார் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது, நுண்ணோக்கியை மறைத்துக் கறுப்புத் துணி தொங்கியது. ஜமீலா துணிக்குப் பின்னால் நின்றார். இந்தப் பக்கம் ஒரு நாற்காலியும் கறுப்பு வெள்ளைத் திரையும் மட்டும் இருந்தன. நாவற்பழ நிறமெல்லாம் அதில் தெரியாது. விளக்கு மினுக்கும்போது திரையின் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி வரும், அவ்வளவுதான்.

"உட்காருங்க, சார். எந்தக் கிண்ணத்தை வைக்கேன்னு நான் சொல்ல மாட்டேன். புள்ளியோட துடிப்பு சேந்து போகுதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

முதல் கிண்ணம் வந்தது. புள்ளியும் துடிப்பும் ஒட்டிப் பிறந்தவைபோலப் போயின.

"ஆமா மேடம். சேருது."

"அடுத்தது."

இரண்டாவது கிண்ணத்தில் செல்கள் திடகாத்திரமாக இருந்தன. நன்றாகத் துடித்தன. புள்ளி வந்தது. துடிப்பும் வந்தது. அடுத்த புள்ளிக்குத் துடிப்பு முந்திக்கொண்டது. அதற்கடுத்ததற்குப் பிந்தியது. பிறகு இரண்டும் ஒன்றாக வந்தன. கொஞ்சம் பொறுத்தால் சேர்ந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. பொறுத்தார். சேர்வதுபோல் வந்து மறுபடி விலகியது. இவ்வளவு நல்ல செல்கள் படலத்தின்மேல்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன? முக்கால்வாசி ஆமாம்தானே?

 ஜமீலா அவரை அவசரப்படுத்தவில்லை.

"இல்ல மேடம்" என்றார் சங்கரநயினார். "இது தன் போக்குல போகுது."

சொன்னபிறகு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவதற்கும் இல்லை என்றார்.  நான்காவதற்கு ஆமாம். ஐந்தாவதற்கு இல்லை. எந்தெந்தக் கிண்ணத்தில் படலம் என்று தெரியாமல், ஐந்தில் மூன்று போயிற்று என்று எண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தார்.

ஜமீலா துணியை விலக்கினார்.

"வந்து பாருங்க, சார்."

கிண்ணங்கள் வைத்த வரிசைப்படியே மேசையில் இருந்தன. முதலாவதும் நான்காவதும் நாவற்பழ நிறம். இரண்டாவதும் ஐந்தாவதும் வெறும் கண்ணாடி.

மூன்றாவதும் நாவற்பழ நிறம்தான். அவர் குனிந்து பார்த்தார். செல்கள் ஒட்டுவதற்கு முன்பே படலம் ஓரத்திலிருந்து உரிந்து மேலே மிதந்திருந்தது; செல்கள் அடியில் வெறும் கண்ணாடியில் வளர்ந்திருந்தன.

"கண்ணாடி ஒண்ணுகூட விளக்குக்கு மசியல" என்றார் ஜமீலா. "படலம் ஒட்டியிருந்த ரெண்டும் மசிஞ்சுது. உரிஞ்சது மசியல. அப்ப ஆட்டுனது சூடு இல்ல, படலம்தான்."

சங்கரநயினார் முக்காலியில் உட்கார்ந்தார். மூச்சு பெரிதாக வெளியே போனது. எத்தனையோ நாளாக உள்ளே பிடித்து வைத்திருந்ததுபோல் இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது. ஜமீலா ஜன்னலைத் திறந்துவிட்டார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஈரக்காற்றில் சங்கரநயினாருக்குத் திடீரென்று பசித்தது.

"மேடம், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க, சார்."

"ரெண்டாவது கிண்ணத்துக்கு ஆமான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துட்டு. கோமதி முகம் முன்னால வந்து நின்னுட்டு."

ஜமீலா விளக்கை அணைத்தார். கிண்ணங்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"இந்தச் செல்லுக்கு அவங்க யாருன்னே தெரியாது, சார்" என்றார். "அதனாலதான் இது சொன்னதை நீங்க அவங்ககிட்ட போய்ச் சொல்லலாம்."