பதினோரு எழுத்துக்கு இரண்டு சொந்தக்காரிகள்

வழக்கை நான் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. இதில் நல்லவள் யார் என்று மட்டும் தேடாதீர்கள். இருவருக்கும் வயிற்றெரிச்சல்தான்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகம். அங்கே பெல்சி, பகவதி என்று இரண்டு ஆராய்ச்சி மாணவிகள். இருவருக்கும் சேர்த்து ஒரே பாக்டீரியா. உப்பைத் தாங்க உதவும் மரபணு பெல்சியின் பங்கு. பால்சர்க்கரையைச் செரிக்க உதவுவது பகவதியின் பங்கு. வம்பு என்னவென்றால், முதல் மரபணுவின் கடைசிப் பதினோரு டி.என்.ஏ. எழுத்துகளேதான் அடுத்ததன் முதல் பதினோரு எழுத்துகளும். அவற்றை இரண்டும் வேறு வேறு விதமாகப் பிரித்துப் படிக்கும்.

பேராசிரியை ஹெலன் பகவதியைப் பாராட்டிவிட்டால் பெல்சிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவள் அந்தப் பதினொன்றில் ஓர் எழுத்தை மாற்றினாள். அவளுடைய பாக்டீரியா கடும் உப்பிலும் கொழித்தது. பால்சர்க்கரையைச் செரிக்க மட்டும் முடியவில்லை.

"என் மரபணுவ நாசமாக்கிட்டியே!" என்றாள் பகவதி.

"என்னுது நல்லா வந்துச்சுல்ல? அதான் உனக்குப் பொறுக்கல," என்றாள் பெல்சி.

பகவதி சும்மா இருப்பாளா? மாற்றாத பாக்டீரியாவை எடுத்து, அதே பதினொன்றில் வேறோர் எழுத்தை மாற்றினாள். அவளுடையது பால்சர்க்கரையை இரட்டை வேகத்தில் தின்றது. உப்பு பட்டதும் செத்தது.

மாற்றாத பழைய பாக்டீரியா ஒரு குப்பியில் உறைபெட்டியில் கிடந்தது. எந்தக் குப்பியையும் கொட்ட இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பது அங்கே வழக்கம். தன்னுடையதே போதும், அதைக் கொட்டிவிடலாம் என்றாள் பெல்சி. அவள் சொன்னாள் என்பதற்காகவே பகவதி கையெழுத்துப் போடவில்லை. பிறகு பகவதி கொட்டலாம் என்று கேட்டபோது பெல்சியும் கையெழுத்துப் போட மறுத்தாள்.

ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்ற கேள்வி வந்தது. ஹெலன் ஒரு குடுவையில் உப்புநீர் ஊற்றி, உணவாகப் பால்சர்க்கரை மட்டும் போட்டார். பெல்சியுடையது, பகவதியுடையது, பழையது மூன்றையும் சம அளவில் விட்டார்.

"எது மிஞ்சுதோ, அத இதுவரைக்கும் காப்பாத்தினவளுக்குத்தான் முதல் பேரு," என்றார்.

ஒரு வாரம் போனது. குடுவையில் மிஞ்சியது எது? முதல் பெயர் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மிஞ்சியது பழையது. அதில் இரண்டு மரபணுவும் கெடாமல் இருந்ததால் அந்த உப்பையும் தாங்கியது, பால்சர்க்கரையையும் செரித்தது. பெல்சியுடையது உப்பைத் தாங்கியும் பட்டினியில் போனது. பகவதியுடையது சாப்பாட்டில் வாய் வைக்கும் முன்பே உப்பில் போனது. இரண்டு மரபணுவும் தேவைப்படும் இடத்தில், ஒன்றுக்கு லாபமாக மற்றதைக் கெடுக்கும் மாற்றத்தை இயற்கை விட்டுவைப்பதில்லை. பழைய குப்பியைக் காப்பாற்றியதும் ஒருத்தியல்ல, இருவரின் பொறாமையும் மாறி மாறி. ஹெலன் இரண்டு பெயர்களையும் ஒன்றாகவே போட்டார். அதிலும் முன்னால் யார் என்று இருவரும் இன்னும் மூஞ்சியைத் தூக்கிவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குப்பியைக் கொட்டலாமா என்று இப்போது ஒருத்தியும் கேட்பதில்லை.