பார்லிக் கஞ்சிக்காரனின் கல்யாண ஓலை

கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆகையால் யார் என்ன செய்தார்கள் என்பதோடு, யார் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தது என்பதையும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

சமாதானவிளை பனைமரங்கள் சூழ்ந்த கிறிஸ்தவ ஊர். அத்தனை பனை இருந்தும் ஒரு சொட்டுக் கள் இறங்காது என்பதில் ஊருக்கு அப்படியொரு பெருமை. மதுவைத் தொடுவதில்லை என்று கோயிலில் ஒவ்வொரு பிள்ளையும் பொருத்தனை செய்தாக வேண்டும். மீறியவருக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது. அவர் கல்யாண ஓலையும் வாசிக்கப்படாது. ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு போதகர் மணமக்களின் பெயரைப் படித்துவிட்டு, "தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம்" என்பார். இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் தேவசித்தம் பீர் காய்ச்சினான்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது பிடித்த பித்து அது. வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றானதும், பித்தும் கூடவே ஊருக்கு வந்தது. குடித்து விழுகிற ஆளில்லை அவன். பார்லியை முளைகட்டி, வறுத்து, கொதிக்கவைத்து, ஈஸ்ட் போட்டு, நுரை கட்டுகிறதா என்று பானையையே பார்த்துக்கொண்டிருப்பதில்தான் அவன் சந்தோஷமெல்லாம். ஒரு தம்ளர் குடிப்பான்; மீதியை மோந்து மோந்தே திருப்தி அடைவான். வாடைக்குக் காரணம் கேட்டவர்களிடம், "கல்லடைப்பு. பார்லிக் கஞ்சி காய்ச்சுதேன்" என்றான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சபையே அவனுடைய சிறுநீரகக் கல்லுக்காக ஜெபித்தது. ஆமென்னை அவனும் சேர்ந்தே சொல்லவேண்டியிருந்தது.

உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அடுத்த வீட்டு எஸ்தர்பாய். அறுப்பின் பண்டிகைக்குச் சபை முழுவதற்கும் ஆப்பம் சுடுகிறவள். ஒரு பண்டிகையின்போது மாவு பொங்காமல் அவள் தவிக்க, பீர்ப் பானையின் அடியில் தங்கிய வண்டலில் ஒரு கிண்ணம் கொடுத்தான். ஆப்பம் பூப்போல எழும்பியது. அது என்னவென்று மோந்தே கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த பண்டிகைக்கும் கிண்ணத்தோடு வந்து நின்றாள், அவ்வளவுதான்.

இன்னொருத்தி கிறிஸ்டில்டா, அவனுக்கு நிச்சயித்த பெண். நிச்சயம் முடிந்த கையோடு அவனே சொல்லிவிட்டான். பாட்டிலை மோந்து பார்த்து முகம் சுளித்தாள் அவள். "இந்த வாடைக்கா இம்புட்டுப் பாடு?" என்றாள். பிறகு, "நீங்களா சொல்லுத வரைக்கும் என் வாயில இருந்து இது வராது" என்று வாக்குக் கொடுத்தாள்.

இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதற்கு முந்தின நாள், பண்டிகை விஷயமாகச் சபைக் கமிட்டிச் செயலர் ஞானதுரை, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். எஸ்தர்பாயும் கிண்ணத்தோடு வந்திருந்தாள். ஆளைப் புழுக்குகிற வெக்கை. திடீரென்று உள்ளறையில் டம்மென்று ஒரு சத்தம். பாட்டில் வெடித்து, கதவுக்கு அடியில் நுரை வழிந்து செயலரின் காலடிவரை வந்தது.

வாடையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "இது யாரு வேல?" என்றார் அவர்.

தேவசித்தத்துக்கு நாளைய ஓலையும் கிறிஸ்டில்டாவின் முகமும்தான் கண்முன் நின்றன. அவள் கிடைக்காமல் போய்விடுவாளோ என்ற பயத்தில், நுரையைத் துடைக்கத் துணி தேடினான்.

எஸ்தர்பாய் முன்னால் வந்தாள். "இதுல உள்ள புளிப்ப எடுத்துதான் அண்ணாச்சி நான் ஆப்பம் சுடுதேன். குத்தம்னா என் பேருல எழுதிக்கிடுங்க."

ஆப்பத்துக்காக அவளே காய்ச்சி இவன் வீட்டில் வைத்திருக்கிறாள் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டு, அப்படியே எழுதிக்கொண்டார்கள். இனி அவள் ஆப்பம் சுடக் கூடாது, திருவிருந்துக்கும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். தேவசித்தம் அவர்களை வாசல்வரை போய் வழியனுப்பினான்.

பிறகு கிறிஸ்டில்டாவுக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னான். "நாளைக்கு ஓலை வாசிச்சு முடியட்டும். ஆராதனை முடிஞ்சதும் நானே கமிட்டிட்டப் போயிச் சொல்லிருதேன். சத்தியமா." அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

அவன் சும்மா சொல்லவில்லை. மறுநாள் சாட்சிக்கு ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தான். இதுவும் வெடித்துத் தொலைக்குமோ என்று பையை வயிற்றோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். எப்போதும் முன்வரிசையில் உட்காரும் எஸ்தர்பாய் அன்று கடைசியில் ஒதுங்கியிருந்தாள். போதகர் முதலில் கல்லடைப்புக்காக ஜெபித்தார். பிறகு ஓலையை எடுத்து இரண்டு பெயரையும் படித்தார்.

"தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம்."

வழக்கம்போல் அடுத்த வரிக்குப் போக அவர் வாயெடுத்தபோது, பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். மணப்பெண்ணேதான்!

"தடை உண்டு ஐயா. காரணத்த அவுகளே சொல்லுவாக."

சொல்லிவிட்டு உட்காராமல் நின்றாள். கோயிலில் இருந்த அத்தனை தலையும் தேவசித்தத்தின் பக்கம் திரும்பியது.

இங்கே நிறுத்துகிறேன். ஒருத்தி அடுத்தவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஒருவன் உண்மையைச் சொல்லத்தான் வந்தான், ஆனால் ஓலை முடிந்த பிறகு சொல்வதாக. ஒருத்தி தன் கல்யாணத்துக்குத் தானே குறுக்கே நின்றாள். இதில் யார் செய்தது சரி?

விடை: எஸ்தர்பாய் என்பீர்கள். அவள் மனசு பெரிது. பொய்யும் அவள் சொல்லவில்லை. ஆனால் அவள் பேசியதால் அவன் பேசாமலிருக்க வசதியாகிவிட்டது. தேவசித்தத்தின் சத்தியம் மெய்தான்; ஆனால் வேண்டியதைக் கையில் வாங்கிக்கொண்டு சொல்லப்போகிற உண்மைக்கு என்ன மதிப்பு? நான் கிறிஸ்டில்டா பக்கம். அவன் ரகசியத்தில் ஒரு சொல்லும் அவள் வாயிலிருந்து வரவில்லை. வாக்கு அப்படியே இருக்கிறது. அவன் சொல்ல வேண்டிய வேளையைத்தான் முன்னால் இழுத்துவைத்தாள், அதுவும் தன் கல்யாணத்தையே பணயம் வைத்து. தேவசித்தம் எழுந்து, கல்லே கிடையாது என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னான். ஓலை நின்றுபோனது. எஸ்தர்பாய்க்கு முன்வரிசை திரும்பக் கிடைத்தது. அந்தப் பண்டிகையில் ஆப்பம் தட்டையாகத்தான் இருந்தது. செயலரும் அதைத்தான் தின்றார். மறு வருஷம், அவன் புதிதாகப் பொருத்தனை செய்தபின், அதே இரண்டு பெயருக்கு மறுபடி ஓலை வாசித்தார்கள். "தடை உண்டென்று" என்று போதகர் ஆரம்பித்ததுமே சபை முழுவதும் கிறிஸ்டில்டாவைத்தான் திரும்பிப் பார்த்தது. அவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.